மணலில் கூட வந்தவர்

செங்கல்பட்டிலிருந்து அரக்கோணம் போகும் காலை ரயிலில் தேவகி ஜன்னலோரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். மடியில் அவளுடைய பத்து மாதக் குழந்தை சுப்ரமணி தூங்கிக்கொண்டிருந்தான். நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இழுத்து, பெரியாஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கிடந்து பிழைத்த பிள்ளை. முந்தின நாள் சாயங்காலம்தான் வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னார்கள். தை மாதம், அறுவடை நேரம். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டாலும் ஆண்டை வேறு ஆளை வைத்துவிடுவார் என்பதால் கணவன் கேசவன் அழைத்துப்போக வரவில்லை. தெரிந்தவர் ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருந்தான். பழையசீவரத்தில் இறங்கு, பாலாற்று மணலைத் தாண்டித் திருமுக்கூடல் போ, அங்கே உத்திரமேரூர் பக்கம் போகும் வண்டி ஏதாவது கிடைக்கும். வழியில் யாரோடும் பேசாதே.

அந்தக் கடைசி வார்த்தையை அவன் சொல்லாவிட்டாலும் அவள் பேசியிருக்க மாட்டாள். அந்த வருஷம் ஊரெல்லாம் ஒரே பேச்சு. எங்கேயோ பெரிய பாலம் கட்டுகிறார்களாம், தூண் நிற்கவில்லையாம், அதற்குப் பச்சைப்பிள்ளை வேண்டுமாம், கோணி எடுத்துக்கொண்டு ஆட்கள் திரிகிறார்களாம். யார் கண்டது, யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பிள்ளை வைத்திருந்தவர்கள் எல்லாரும் அதை நம்பினார்கள்.

எதிர்ப் பலகையில் உட்கார்ந்திருந்தவரிடம் ஒரு கோணி மூட்டை இருந்தது.

ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. பெயர் ஏசுதாஸ் என்று அவர் யாரிடமோ சொன்னார். யாரிடமோ என்ன, அந்தப் பெட்டியில் இருந்த எல்லாரிடமும் அவர் பேசினார். வெற்றிலை போடுகிறவரிடம் சுண்ணாம்பு கேட்டு, அவர் மருமகன் குடும்பம் வரைக்கும் விசாரித்துவிட்டார். பிறகு தேவகியிடம் திரும்பினார். பிள்ளைக்கு என்ன, எந்த ஊர், பெயர் என்ன என்று கேட்டார். அவள் முந்தானையால் குழந்தையை மூடிக்கொண்டு, சரசு என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சரசு அவளுடைய நாத்தனார் பெயர்.

பழையசீவரத்தில் இறங்கியது அவளும் அவரும் மட்டும்தான்.

அவர் போகட்டும் என்று அவள் ஸ்டேஷன் பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்குப் பால் கொடுத்தாள். பிறகு எழுந்து ஆற்றங்கரைக்கு நடந்தாள். பொழுது விடிந்து நேரமாகியிருந்தது. ஆனாலும் ஒன்றும் தெரியவில்லை. மலைமேல் இருக்கும் கோயில் தெரியவில்லை, மலையே தெரியவில்லை. மூடுபனி தரையோடு தரையாக இறங்கியிருந்தது. இருட்டுக்குக் கறுப்பு ஒன்றுதான் நிறம் என்று அதுவரை நினைத்திருந்தாள். இது வெள்ளையான இருட்டு. கையை நீட்டினால் விரல் மங்கிப் போனது.

கரை இறங்கும் இடத்தில் ஏசுதாஸ் மூட்டையைக் கீழே வைத்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார்.

"தனியா எறங்காத தங்கச்சி," என்றார். "இன்னிக்கி பனி மோசமா கீது. நானும் அக்கரைக்குத்தான்."

அவள் எட்டி நின்றாள். திரும்பிப் போகலாமா என்று பார்த்தாள். திரும்பும் ரயில் சாயங்காலம்தான், அதுவரை எங்கே இருப்பது? குழந்தைக்கு மருந்து பிற்பகல் வரைக்கும்தான் இருந்தது. மீதி மருந்தை உத்திரமேரூரில் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். ஆற்று மணல் ஒரு மைல் அகலம். நடுவில் ஒரு வாய்க்கால் மாதிரி தண்ணீர் ஓடும், முழங்கால் அளவுதான். போன முறை வெயிலில் நடந்தபோது அக்கரைக் கோயில் கண்ணுக்கெதிரே இருந்தது.

அவர் முன்னால் நடந்தார். அவள் பத்தடி விட்டுப் பின்னால் நடந்தாள்.

மணல் ஈரமாக, காலுக்குக் கீழே இரும்பு மாதிரி சில்லிட்டிருந்தது. மக்கிப்போன நாணல் வாடை. காக்கை, குருவிச் சத்தம் ஒன்றுமில்லை. அவர் தோளில் இருந்த மூட்டைக்குள் இரும்பு இரும்போடு இடித்து 'டிங்' என்று ஒலித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம்தான் அவளுக்கு வழி. அவர் திரும்பிப் பார்க்காமலே பேசிக்கொண்டு வந்தார். ஊர் சாலவாக்கம் பக்கமாம். ரயில்பாதைக்கு ஜல்லி உடைக்கிற வேலையாம், மூட்டையில் இருப்பது சம்மட்டியும் உளியுமாம். மனைவி அம்முலு இன்றைக்குக் கோழிக் குழம்பு வைத்திருப்பாளாம். ஒரு தடவை நின்று, "கொழந்தைய குடு தங்கச்சி, நான் தூக்கிக்கிறேன்," என்றார். அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டு வேண்டாம் என்று தலையசைத்தாள். பனியில் அது அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அவர் மறுபடி கேட்கவில்லை.

"இன்னும் கொஞ்ச தூரம்தான்," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

எவ்வளவு தூரம் வந்தார்கள் என்று தெரியவில்லை. கால் வலித்தது. அவள் கொஞ்சம் பின்தங்கினாள். மூட்டைச் சத்தம் முன்னால் தூரத்தில் கேட்டது.

"கொழந்தைய குடு தங்கச்சி, நான் தூக்கிக்கிறேன்."

அவள் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

அந்தக் குரல் அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது.

முன்னால் 'டிங்' என்றது மூட்டை.

அவள் அப்படியே நின்றாள். முதுகு முழுக்க ஈரமான குளிர் படர்ந்தது. யாரோ மிக அருகில், மூச்சு விடாமல் நிற்கிற மாதிரி இருந்தது. நாணல் வாடை இப்போது பின்னாலிருந்து அடித்தது. குழந்தை விழித்துக்கொண்டு, அவள் தோளுக்கு மேலாக எதையோ பார்த்தது. அழவில்லை. கையை நீட்டியது.

"அண்ணா," என்றாள் தேவகி. அவரிடம் அவள் தானாக முதன்முதலில் பேசிய வார்த்தை அது.

மூட்டைச் சத்தம் நின்றது. பிறகு வேகமாக அவளை நோக்கி வந்தது. ஏசுதாஸின் முகம் பனியிலிருந்து வெளிப்பட்டபோது அது வெளிறியிருந்தது. அவருக்கும் கேட்டிருக்கிறது. மூட்டை கட்டிய கயிற்றின் நுனியை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"இத உடாத. வாய மூடாத. எதுனா பேசிக்கினே வா."

நடந்துகொண்டே அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். போன தை மாதம் இதே மாதிரி ஒரு பனியில் அவரும் கூட வேலை செய்த பச்சமுத்து என்பவனும் இந்த மணலில் இறங்கினார்கள். பச்சமுத்து வாய் ஓயாமல் பேசுகிறவன். வழியெல்லாம் அவன் குரல் பக்கத்திலேயே கேட்டது. ஏசுதாஸ் அக்கரை ஏறினார். திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. இரண்டு நாள் தேடினார்கள். செருப்புக்கூடக் கிடைக்கவில்லை.

"அப்புறம்தான் ஒக்காந்து யோசிச்சேன். பாதி வழிக்கு மேல அவன் புதுசா ஒண்ணுமே பேசல. மின்ன பேசினதையே பேசிக்கினு வந்தான். அதே வார்த்த, அதே சிரிப்பு. அது அவன் இல்ல." அவர் மூட்டையைத் தோளில் சரிசெய்துகொண்டார். "அதுக்கு நாம சொன்னதத் திருப்பிச் சொல்லத்தான் தெரியும். புதுசா சொல்லத் தெரியாது. அதனால நான் யாரு இன்னான்னு உனக்குத் தெரியணும்னா நான் சொல்லாதத சொல்லிக்கினே வரணும். நீயும் சொல்லணும்."

அது என்ன என்று அவள் கேட்டாள். தனக்குத் தெரியாது என்றார். எப்போதோ இதே மணலில் தனியாக வழி கேட்டுக் கூப்பிட்டு, பதில் கிடைக்காமல் போன யாரோ என்று கரைக்காரர்கள் சிலர் சொல்வதுண்டாம். அதுவும் நிச்சயமில்லை.

அவர் சொல்ல ஆரம்பித்தார். கல்யாணத்தன்று பயத்தில் வைக்கோல் போருக்குள் ஒளிந்துகொண்டதை. அம்முலுவுக்கு ஒரு காது கேட்காது என்பதை. மூத்த மகள் பள்ளிக்கூடத்தில் ஆறாவது வரை படித்ததை. ஒவ்வொன்றும் முடிந்ததும் அவள் முறை. அவளுக்கு ஒன்றும் வரவில்லை. தெரியாத ஒரு ஆளிடம் என்னத்தைச் சொல்வது? எனக்குக் கிணற்றைக் கண்டால் பயம் என்றாள். பிறகு, நாற்று நடும்போது பாடத் தெரியாமல் வாயை மட்டும் அசைப்பேன் என்றாள். அவர் மெல்லச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குத் தைரியம் கொடுத்தது. மாமியார் வீட்டில் முதல் நாள் சோற்றைக் கருக விட்டதைச் சொன்னாள்.

சுற்றிலும் பனிக்குள் அவர்கள் பேசியது திரும்பத் திரும்ப வந்தது. இடப்பக்கம் ஏசுதாஸ் குரல் அம்முலுவின் காதைப் பற்றிச் சொன்னது. கொஞ்சம் தள்ளி அவளுடைய குரலே, அவள் வாயிலிருந்து வராமல், கிணத்தக் கண்டா பயம், கிணத்தக் கண்டா பயம் என்றது.

அவள் கயிற்றை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

தண்ணீர் வந்தது. முழங்காலுக்கு மேலே ஏறியது. அவர், இந்தப் பக்கம் வா என்று சொல்லிக்கொண்டே, முன்னால் காலால் தடவித் தடவி இறங்கினார். நடுத் தண்ணீரில் எதிர்ப்பக்கத்திலிருந்து அவருடைய குரல், இந்தப் பக்கம் வா, இந்தப் பக்கம் வா என்றது. கயிறு இழுத்தது வேறு பக்கம். குரலை விட்டுவிட்டுக் கயிறு இழுத்த பக்கம் போனாள். தண்ணீரைத் தாண்டி மணலேறியதும் இரண்டு பேரும் சற்று மூச்சு வாங்கினார்கள். உடனே அவர் தன் தம்பியோடு போட்ட சண்டையைச் சொல்லத் தொடங்கினார்.

கடைசியில் மணிச் சத்தம் கேட்டது. திருமுக்கூடல் கோயில் மணி. அதைத் தொடர்ந்து பனிக்குள் கறுப்பாக நாலைந்து பனைமரம். கரை. தேவகிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். அதற்காகக் கயிற்றை அவிழ்த்து விட்டாள். அவர் பேச்சு நின்றிருந்தது. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. கரைதான் வந்துவிட்டதே.

ஐம்பது அடி இருக்கும். அவ்வளவுதான். அந்த ஐம்பது அடியும் யாரும் பேசவில்லை.

மேலே ஏறித் திரும்பியபோது அவர் சற்றுப் பின்னால் ஏறி வந்துகொண்டிருந்தார். தலையோடு முகத்தையும் சேர்த்துத் துண்டால் சுற்றியிருந்தார். பனிக்கு எல்லாரும் அப்படித்தான் சுற்றிக்கொள்வார்கள்.

கரைமேல் ஒரு கட்டை வண்டி நின்றது. வைக்கோல் இறக்கிவிட்டு உத்திரமேரூருக்குத் திரும்புகிற வண்டி. வண்டிக்காரர் பெயர் பெருமாள். குழந்தையைப் பார்த்ததும் ஏறிக்கொள்ளச் சொன்னார். தேவகி முன்பக்கம் அவர் முதுகோரமாக உட்கார்ந்துகொண்டாள். ஏசுதாஸ் வண்டியின் பின்விளிம்பில், கால்களைத் தொங்கப்போட்டு, வந்த வழியைப் பார்த்தபடி உட்கார்ந்தார். வண்டி நகர்ந்தது. பாதையில் பனி கொஞ்சம் கலைந்திருந்தது. வெளிச்சம் வந்தது. அவளுக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது.

பெருமாள் பின்னால் இருப்பவரிடம் எந்த ஊர் என்று கேட்டார்.

"சாலவாக்கம் பக்கம். ரயில்பாதைக்கு ஜல்லி ஒடைக்கிற வேல."

வேலை அங்கே எப்படி, மேஸ்திரி யார் என்று பெருமாள் கேட்டார்.

"அம்முலு கோழிக் கொழம்பு வெச்சிருப்பா."

பெருமாள் சிரித்தார், பசிபோலிருக்கிறது என்று. தேவகியும் சிரிக்கப் பார்த்தாள். உதடு பாதியில் நின்றது.

பின்னாலிருந்து குரல் வந்தது. "இன்னும் கொஞ்ச தூரம்தான்."

சாலவாக்கத்துக்கு இன்னும் எத்தனையோ மைல்.

வண்டி பள்ளத்தில் இறங்கிக் குலுங்கியது. ஒரு சத்தமும் வரவில்லை. அவள் அதைத்தான் கவனித்தாள். சம்மட்டியும் உளியும் இடிக்கிற சத்தம் வரவில்லை. மெதுவாகத் தலையைத் திருப்பினாள். அவருக்குப் பக்கத்தில் மூட்டை இல்லை. தோளிலும் இல்லை.

"அண்ணா," என்றாள். "உங்க ரெண்டாவது பொண்ணு பேரு இன்னா?"

அந்த முதுகு அசையவில்லை.

அவள் கண்ணைத் தாழ்த்தினாள். தொங்கிக்கொண்டிருந்த கால்கள் இதற்குள் காய்ந்திருக்க வேண்டும். காயவில்லை. வேட்டி நுனியிலிருந்து ஈர மணல் மெல்லிய கோடாகப் பாதையில் கொட்டிக்கொண்டே வந்தது. நிற்கவில்லை. வண்டி வந்த வழி முழுக்க அந்தக் கோடு நீண்டு பனிக்குள் போயிருந்தது.

"கொழந்தைய குடு தங்கச்சி," என்றது முதுகு. "நான் தூக்கிக்கிறேன்."

சுப்ரமணி அந்தப் பக்கம் கையை நீட்டினான்.

வண்டியை நிறுத்தச் சொல்ல அவளுக்குக் குரல் வரவில்லை. ஓடும் வண்டியிலிருந்து பக்கவாட்டில் குதித்தாள். முழங்கால் கிழிந்தது. குழந்தை வீறிட்டது. சக்கரச் சத்தத்தில் பெருமாளுக்குத் தெரியவில்லை போலும், வண்டி நிற்காமல் போயிற்று. பின்விளிம்பில் இருந்தது அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. துண்டு சுற்றிய அந்தத் தலை கொஞ்சங்கொஞ்சமாக மங்கியது.

அவள் ஊர்ப்பக்கம் ஓடியிருக்கலாம். வெளிச்சம் அங்கேதான் இருந்தது. பாதையில் நின்று, குழந்தையைத் தட்டிக்கொண்டே, ஆற்றைப் பார்த்தாள். அந்த மனிதர் கயிற்றை அவள் கையில் கொடுத்தவர். அதை விட்டது அவள்.

அவள் ஆற்றுக்குத் திரும்பி நடந்தாள்.

கரையில் பனி அப்படியே நின்றது. மணலில் காலை வைக்கவில்லை. விளிம்பில் நின்று, அண்ணா, சரசு கூப்பிடறேன் வாங்க என்று கூப்பிட்டாள்.

அண்ணா, அண்ணா, அண்ணா என்று நாலு பக்கமும் அவள் குரலே பதில் சொன்னது. பனிக்குள் எத்தனை தேவகிகள்! ஒன்று வலப்பக்கம் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டே கூப்பிட்டது. ஒன்று தண்ணீர்ப் பக்கத்திலிருந்து, சரசு கூப்பிடறேன் வாங்க என்றது. சரசு கூப்பிடறேன், சரசு கூப்பிடறேன். அவர் உள்ளே இருந்தால் இத்தனையையும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். எதை நம்பி எந்தப் பக்கம் வருவார்?

சொல்லாததைச் சொல்ல வேண்டும்.

அவளிடம் அப்படி ஒன்று இருந்தது. யாரிடமும் சொல்லாதது. புருஷனிடமும் சொல்லாதது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"என் பேரு சரசு இல்ல. தேவகி. புள்ள பேரு சுப்ரமணி," என்று உரக்கச் சொன்னாள். "இவனுக்கு மின்ன எனக்கு ஒரு பொண்ணு இருந்தா. ஏழு மாசம். ஜொரம் வந்து, தூக்கிக்கினு செங்கல்பட்டு ரோட்டுல ஒக்காந்திருந்தேன். ஒரு கூண்டு வண்டி போச்சு. உள்ள நாலு பேரு. நிறுத்துங்கன்னு ஒரு வார்த்த சொன்னா நிறுத்தியிருப்பாங்க. ஒரு பொம்பள என்னைப் பாத்துக்கினேகூட போனா. தெரியாதவங்ககிட்ட எப்டிப் பேசறதுன்னு வாய மூடிக்கினு இருந்துட்டேன். பொழுது சாயறதுக்குள்ள மடியிலயே போயிட்டா. வண்டியே வரலன்னு அவருகிட்ட பொய் சொன்னேன். வண்டி வந்துது."

ஆறு அமைதியானது.

வலப்பக்கக் குரல் நின்றது. தண்ணீர்ப் பக்கக் குரல் நின்றது. இவ்வளவு நீளமாக எதையும் அது அதுவரை கேட்டதில்லை போலிருந்தது. எங்கும் ஏதோ காது கொடுத்துக் கேட்கிற நிசப்தம்.

அவள் நிறுத்தவில்லை. அந்தக் குழந்தைக்குப் பெயர் வைக்கப் போட்ட சண்டையைச் சொன்னாள். அது முதன்முதலில் குப்புற விழுந்த நாளைச் சொன்னாள். அதன் காலில் இருந்த மச்சத்தைச் சொன்னாள். எவ்வளவு நேரமென்று அவளுக்குத் தெரியாது. சொல்லச் சொல்ல, சொல்ல வேண்டியவை இன்னும் இருந்தன.

'டிங்'.

அவள் மூச்சைப் பிடித்தாள்.

'டிங்'. நேர் எதிரே. 'டிங்'.

ஏசுதாஸ் நாலுகால் பிராணி மாதிரி கையையும் ஊன்றிக் கரையேறினார். தலையில் துண்டு இல்லை. மூட்டையை மார்போடு கட்டிப் பிடித்திருந்தார். இடுப்புவரை ஈரம். உதடு நீலமாகியிருந்தது. அவள் ஓடிப்போய்த் தொடவில்லை. நின்ற இடத்திலிருந்தே அவருடைய இரண்டாவது மகள் பெயர் என்ன என்று கேட்டாள்.

"ரெண்டாவது பொண்ணே இல்லம்மா," என்றார் அவர். "ரெண்டாவது பையன்."

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.

கயிறு தளர்ந்ததும் அவர் திரும்பிப் பார்த்தாராம். அவளைக் காணவில்லை. எதிரே தெரிந்த பனைமரங்களும் காணவில்லை. அவளுடைய குரல் கூப்பிட்ட பக்கம் நாலடி வைத்தார், கால் இடுப்புவரை மணலுக்குள் போயிற்று. எப்படியோ மூட்டையைப் போட்டு அதன்மேல் சாய்ந்து வெளியே வந்து, இனி எந்தக் குரலுக்கும் அசைவதில்லை என்று நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

"எல்லாம் சரசு சரசுன்னுதான் கூப்புட்டுது. நீ மட்டும்தான் சரசு இல்லன்னு சொன்ன," என்றார். "அந்தக் கூண்டு வண்டி வெஷயம்... அத ஒரு பேயி சொல்லாது தங்கச்சி."

இரண்டு பேரும் வெயில் ஏறும்வரை கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு வேறொரு வண்டியில், பேசிக்கொண்டே போனார்கள். மருந்துக் கடைவரை அவர் கூட வந்தார்.

வண்டிக்காரர் பெருமாளை அவள் பத்து நாள் கழித்துச் சந்தையில் பார்த்தாள். அன்றைக்கு ஏன் சொல்லாமல் இறங்கிவிட்டாய் என்று அவர் கோபித்துக்கொண்டார். பின்னால் இருந்த ஆள் உத்திரமேரூர் ஏரிக்கரை வரைக்கும் பேசிக்கொண்டேதான் வந்தானாம். அங்கே மாடு இரண்டும் படுத்துக்கொண்டு எழுந்திருக்கவில்லை. இறங்கிப் பார்த்தால் ஆளைக் காணோம். வண்டியில் இரண்டு கூடை ஈர மணல் கிடந்தது. யார் போட்டது என்று தெரியவில்லை என்றார். அவள் சொல்லவில்லை. ஆனால் ஒன்று மட்டும் அவள் மனதில் குத்தி நின்றது. ஆற்றங்கரையில் இறங்கவில்லை அது. ஊருக்குள் வந்து இறங்கியிருக்கிறது.

சந்தையிலிருந்து வந்த அன்றிரவே கேசவனிடம் கூண்டு வண்டியைப் பற்றிச் சொல்லிவிட்டாள். அவன் முடிவுவரை கேட்டான். பிறகு எழுந்துபோய்க் குழந்தைக்குப் போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். வழியில் யாரோடும் பேசாதே என்று அதற்குப் பிறகு அவன் சொன்னதில்லை. அவளும் எங்கே போனாலும் பக்கத்தில் இருப்பவரிடம் தானாகவே பேச ஆரம்பித்தாள். பெயரைக் கேட்டால் உண்மைப் பெயரைச் சொன்னாள்.

பங்குனியில் ஒரு நாள். உத்திரமேரூர் பஸ் நிற்கும் இடம். உச்சி வெயில், நிழல்கூடக் காலுக்குள் ஒடுங்கியிருந்தது. காஞ்சிபுரம் பஸ்ஸுக்குக் காத்திருந்த கூட்டத்தில் தேவகியும் நின்றாள். சற்றுத் தள்ளி, ஒரு தூணில் சாய்ந்தபடி இளம் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். இருபது வயதுகூட இருக்காது. தூணின் அந்தப் பக்கம் யாரோ பேச, இவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

தேவகி பக்கத்தில் போய் உட்கார்ந்து, எந்த ஊர், பிள்ளைக்கு என்ன என்று விசாரித்தாள். பிள்ளைக்கு மூச்சு இழுப்பாம், செங்கல்பட்டுக்குத் தனியாகப் போகிறாளாம், பயமாக இருக்கிறதாம். பெயர் சின்னபொண்ணு என்றாள். பிறகு தேவகியின் முகத்தையே விசித்திரமாகப் பார்த்தாள்.

"இன்னாம்மா?" என்றாள் தேவகி.

"இல்ல, இத்தினி நேரம் ஒரு அக்கா பேசிக்கினு இருந்தாங்க. தூணுக்கு அந்தாண்ட. பாவம், அவுங்க மொத பொண்ணு மடியிலயே செத்துப் போச்சாம். சொல்லிச் சொல்லி அழுதாங்க." அவள் தயங்கினாள். "கொரலு அப்டியே உங்க கொரலு மாதிரியே இருந்துதுக்கா."

தேவகி எழுந்து தூணைச் சுற்றிப் பார்த்தாள். யாரும் இல்லை. வெயிலில் கல் தகித்தது. ஆனாலும் மக்கிப்போன நாணல் வாடை, சில்லென்று, முகத்தில் மோதியது.

அவள் திரும்பி வந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். காஞ்சிபுரம் போகிற வேலை நாளைக்கு ஆகட்டும்.

"பயப்படாத," என்றாள். "ஆஸ்பத்திரி வரைக்கும் நான் கூட வரேன்."

தூணுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஒரு மூச்சு நேரம் கழித்து, அதே குரலில் பதில் வந்தது.

"நான் கூட வரேன்."